பழுதான கிராபிக்ஸ் கார்டு: வாரண்டி அட்டையில் ஆண்டுகள் உண்டு, நாள்கள் எங்கே? - நுகர்வோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: கணினித் திரை திடீரென இருண்டுபோகிறது. அல்லது வண்ணக் கட்டங்களும் கோடுகளும் திரையெங்கும் சிதறுகின்றன. வாங்கி ஓராண்டுகூட நிறைவடையாத கிராபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டது. மூன்று ஆண்டு வாரண்டி இருப்பதால் வாங்கியவர் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கார்டைச் சேவை மையத்தில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார். உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்குகிறது. ஒரு வாரம் என்று சொல்லப்பட்டது ஒரு மாதமாகிறது. ‘பரிசோதனையில் உள்ளது’, ‘மாற்றுக் கார்டு இருப்பில் இல்லை’, ‘தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்ற பதில்களே மாறி மாறி வருகின்றன.

கணினி பாகங்களை வாங்குவோரிடையே நாடெங்கும் நிலவும் இந்த அதிருப்திக்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு என்பதை வாரண்டி அட்டை தெளிவாகச் சொல்கிறது. பழுது ஏற்பட்டால் எத்தனை நாள்களில் தீர்வு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வாரண்டிப் பணியை இத்தனை நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டமும் தனியாக வரையறுக்கவில்லை. ஆயினும், காரணமற்ற தாமதத்தைக் கேள்வி கேட்கும் உரிமை நுகர்வோருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதம் எங்கே ஏற்படுகிறது, அதை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை இங்கே காண்போம்.

கார்டு ஏன் பழுதாகிறது?

கிராபிக்ஸ் கார்டு என்பது கணினிக்குள் இருக்கும் மற்றொரு சிறு கணினி எனலாம். தனியான பிராசசர், தனியான நினைவகச் சில்லுகள், மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று, குளிர்விக்கும் விசிறிகள் என அனைத்தும் ஒரே பலகையில் அமைந்துள்ளன. 2022-ஆம் ஆண்டு வெளியான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் சில்லில் மட்டும் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அந்தக் கார்டு 450 வாட் வரை மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. வேலை செய்யும்போது சூடேறுவதும், நின்றதும் குளிர்வதும் அன்றாடம் நிகழ்கின்றன. இந்த விரிவும் சுருக்கமும் தொடரும்போது சில்லைப் பலகையுடன் இணைக்கும் நுண்ணிய ஈய இணைப்புகள் விரிசல் காணக்கூடும். விசிறி நின்றுபோவது, வெப்பக் களிம்பு உலர்வது, நினைவகச் சில்லு செயலிழப்பது ஆகியவையும் பரவலாகக் காணப்படும் பழுதுகளே.

சில நேரங்களில் குறை தயாரிப்பிலேயே இருக்கும். மடிக்கணினிகளுக்கான சில கிராபிக்ஸ் சில்லுகளில் பயன்படுத்திய பொருள் வலுவற்றது எனத் தெரியவந்ததையடுத்து, வாரண்டிச் செலவுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா 2008 ஜூலையில் அறிவித்தது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் மின் இணைப்பான் உருகிய சம்பவங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. அந்த இணைப்பானின் வடிவமைப்பு பின்னர் திருத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில், ஆர்டிஎக்ஸ் 5090, 5070 டிஐ வகைகளில் 0.5 சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில் படத்தை உருவாக்கும் உட்பகுதி ஒன்று குறைவாக இருப்பதை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவற்றை வாங்கியோர் கார்டைத் தயாரித்த நிறுவனத்தை அணுகி மாற்றிக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தது.

இந்த அறிவிப்பிலேயே முக்கியமான செய்தி ஒன்று அடங்கியுள்ளது. சில்லை உருவாக்கியது ஒரு நிறுவனம். கார்டை மாற்றித்தர வேண்டியது வேறொரு நிறுவனம்.

ஒரு கார்டு, பல கைகள்

என்விடியா, ஏஎம்டி ஆகியவை பெரும்பாலும் சில்லுகளையே வழங்குகின்றன. அவற்றை வாங்கிப் பலகையில் பொருத்தி, விசிறி சேர்த்து, தங்கள் பெயரில் கார்டாக விற்பவை வேறு நிறுவனங்கள். அவற்றில் பலவற்றின் ஆலைகள் தைவானிலும் சீனாவிலும் உள்ளன. இந்தியாவுக்குள் அந்தக் கார்டுகளைக் கொண்டுவருவது இறக்குமதியாளர் அல்லது தேசிய விநியோகஸ்தர். அவரிடமிருந்து தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளின் கடைகளுக்கும், இணையவழி விற்பனைத் தளங்களுக்கும் கார்டு செல்கிறது. நிறைவாகவே வாங்குபவரின் கைக்கு வருகிறது.

பழுதான கார்டு இதே பாதையில் பின்னோக்கிப் பயணிக்க வேண்டும். கடைக்காரர், ‘நேரடியாகச் சேவை மையத்தை அணுகுங்கள்’ என்கிறார். சேவை மையம் பல வேளைகளில் தயாரிப்பாளருக்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. விநியோகஸ்தரோ ஒப்பந்தம் பெற்ற வேறொரு நிறுவனமோ அதை நடத்துகிறது. கார்டை ஏற்பதா, மறுப்பதா, மாற்றுக் கார்டு தருவதா என்ற இறுதி முடிவை எடுப்பவர் அந்தக் கவுண்டரில் இருப்பதில்லை. பெருநகரங்களுக்கு வெளியே வசிப்போர் கார்டைக் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பும் செலவும், வழியில் சேதமடையும் அபாயமும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுகின்றன.

தாமதம் ஏற்படும் இடங்கள்

முதல் தடை, பழுதை உறுதிப்படுத்துவதில் ஏற்படுகிறது. சில மணி நேரம் விளையாடிய பிறகோ, வீடியோ எடிட்டிங் செய்யும்போதோ மட்டுமே தோன்றும் பழுது, சேவை மையத்தின் சிறு சோதனையில் தென்படாமல் போகலாம். ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்ற குறிப்புடன் கார்டு திரும்பி வரும். வாங்கியவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது தடை, பழுதுபார்க்கும் வசதி. நுண்ணிய ஈய இணைப்புகளைச் சீரமைக்கத் தனிக் கருவிகளும் தேர்ந்த பணியாளர்களும் தேவை. எல்லாச் சேவை மையங்களிலும் அவை இல்லாததால் கார்டு வேறு நகரில் உள்ள மையத்துக்கு அனுப்பப்படுகிறது.

மூன்றாவது தடை, இருப்பு. சரிசெய்ய முடியாத கார்டுக்கு அதே வகைக் கார்டு தேவை. கிராபிக்ஸ் கார்டுகளில் புதிய தலைமுறை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தைக்கு வருகிறது. வாரண்டியோ பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். எனவே, மூன்றாம் ஆண்டில் பழுதாகும் கார்டின் வகை, சந்தையிலிருந்து ஏற்கெனவே விடைபெற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

வாரண்டிக் கடிகாரம் நிற்பதில்லை

கார்டு சேவை மையத்தில் கிடக்கும் நாள்களும் பல நிறுவனங்களின் விதிப்படி வாரண்டிக் காலத்திலேயே கழிகின்றன. மூன்று ஆண்டு வாரண்டி என்பது 1,095 நாள்கள். ஒரு கார்டு 1,000-ஆவது நாளில் பழுதாகி, 75 நாள்களுக்குப் பிறகு திரும்பி வந்தால், மிஞ்சியிருப்பது 20 நாள்களே. மாற்றித்தரப்பட்ட கார்டுக்கும் பொதுவாகப் பழைய கார்டின் எஞ்சிய காலமே பொருந்தும். குறைந்தபட்ச காலம் ஒன்றைச் சில நிறுவனங்கள் தனியாக வழங்குவதும் உண்டு.

மாற்றாக வருவது புதிய கார்டாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சீரமைக்கப்பட்ட பழைய கார்டைத் தரும் உரிமையைப் பல வாரண்டி விதிகள் நிறுவனத்துக்கு வழங்குகின்றன. அதே வகை கிடைக்காதபோது, பயன்படுத்திய காலத்துக்கான மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தர முன்வருவதும் உண்டு. சந்தையில் விலை உயர்ந்திருக்கும் காலத்தில் அந்தத் தொகைக்கு அதே திறனுள்ள கார்டு கிடைக்காது. கரோனா காலமும் கிரிப்டோ நாணய அகழ்வும் ஒருசேர வந்த 2021-இல் கிராபிக்ஸ் கார்டுகளின் சந்தை விலை அறிவிக்கப்பட்ட விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்ததை நுகர்வோர் மறந்திருக்கமாட்டார்கள்.

கார்டு இல்லாத நாள்களில் கணினியே முடங்கிப்போவதும் உண்டு. பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வசதி இயங்காது. தனிக் கார்டு இல்லையேல் திரையில் எதுவும் தோன்றாது. விளையாட்டுக்காக வாங்கியவருக்கு இது ஏமாற்றம். அனிமேஷன், வீடியோ எடிட்டிங், கட்டட வரைகலை போன்ற தொழில்களில் தனியாக உழைப்போருக்கு இது வருமான இழப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளில் உள்ள குறையை ‘குறைபாடு’ என்றும், சேவையில் உள்ள குறையை ‘சேவைக் குறைபாடு’ என்றும் இச்சட்டம் தனித்தனியே வரையறுக்கிறது. கார்டு பழுதாக இருப்பது முதல் வகை. வாரண்டியில் உறுதியளித்தபடி அதைச் சரிசெய்யாமல் இழுத்தடிப்பது இரண்டாம் வகை. ஆகவே, கடைசியில் கார்டு சரிசெய்யப்பட்டுவிட்டாலும், இடைப்பட்ட நியாயமற்ற தாமதத்துக்காக இழப்பீடு கோர இடமுண்டு.

அதே சட்டத்தின் 2(47) பிரிவு, முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித்தர மறுப்பதும் அவற்றில் ஒன்று. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் இதைச் செய்ய வேண்டும்; காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் செய்ய வேண்டும் என்கிறது அப்பிரிவு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, குறைபாடுள்ள பொருளுக்கும் வழியில்லை என்று நுகர்வோர் எண்ணிவிடத் தேவையில்லை. கேட்டும் பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே.

இணையவழியில் வாங்கியோருக்குக் கூடுதல் பாதுகாப்பு உள்ளது. 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, ஒவ்வொரு மின் வணிக நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

தொழிலுக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லையா?

கார்டை வருமானம் ஈட்டப் பயன்படுத்தினார் என்று கூறி, ‘இவர் நுகர்வோரே அல்ல’ என எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கம். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோர் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருப்பது உண்மைதான். ஆனால், சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் தேடுவதற்கென்றே பொருளை வாங்கித் தாமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கப் பகுதி கூறுகிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தட்டச்சு இயந்திரம், வாடகைக் கார் போன்ற எடுத்துக்காட்டுகளுடன் இந்த வேறுபாட்டை விளக்கியது. வீட்டிலிருந்தபடியே தனியாகப் பணிபுரியும் வீடியோ எடிட்டர் இந்த விலக்கைக் கோரலாம். பல கணினிகளையும் ஊழியர்களையும் வைத்து நடத்தப்படும் நிறுவனத்துக்கு அது பொருந்துவது கடினம்.

ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடுமா?

கார்டின் திருகு மீது ஒட்டப்பட்டுள்ள சிறிய ஸ்டிக்கர் பல சர்ச்சைகளின் தொடக்கப்புள்ளி. தூசியை அகற்றவோ வெப்பக் களிம்பை மாற்றவோ கார்டைத் திறந்தவருக்கு வாரண்டி மறுக்கப்படுவதுண்டு. அமெரிக்காவில் இத்தகைய ஸ்டிக்கர்கள் உள்ளிட்ட வாரண்டி நடைமுறைகள் குறித்து அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் எட்டு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கணினி பாகங்களை விற்கும் நிறுவனங்களும் அவற்றில் இருந்தன. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஆராய 2022-இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளத்தையும் தொடங்கியது. எனினும், ஸ்டிக்கரை நேரடியாகத் தடைசெய்யும் தனிச் சட்டம் இங்கு இல்லாததால், வாரண்டிக் காலத்தில் கார்டைத் தாமாகத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

புகார் செய்வது எப்படி?

சேவை மையத்தில் ஒப்படைக்கும் முன்பே ஆதாரங்களைத் திரட்டத் தொடங்க வேண்டும். கார்டின் இருபுறங்களையும், மின் இணைப்பானையும், வரிசை எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ‘பலகை வளைந்துள்ளது’, ‘எரிந்த தடம் உள்ளது’ என்று பின்னர் மறுக்கப்பட்டால் இந்தப் படங்களே துணை நிற்கும். திரையில் பழுது தோன்றும் காட்சியை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். முடிந்தால் வேறொரு கணினியில் கார்டைப் பொருத்தியும் சோதிக்கலாம். பழுது பவர் சப்ளையிலோ மென்பொருளிலோ இல்லை என்பது அதனால் உறுதியாகும்.

ஒப்படைக்கும்போது தேதி, வரிசை எண், பழுதின் விவரம், கார்டின் வெளித்தோற்ற நிலை ஆகியவை எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகு தொலைபேசியில் பேசினாலும், பேசியதன் சாரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பது அவசியம். தாமதத்தை மெய்ப்பிக்கத் தேதியிட்ட எழுத்துகளைவிட வலுவான சான்று வேறில்லை.

உரிய காலத்தில் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் அளிக்கலாம். தமிழ் உள்பட 17 மொழிகளில் இச்சேவை கிடைக்கிறது. வழக்குக்கு முந்தைய கட்டமாக, புகாரை நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்று தீர்வு காண இது முயலும். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இதற்கு இல்லை.

அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கு முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது என்பதால், கிராபிக்ஸ் கார்டு தொடர்பான புகார்களில் ஏறக்குறைய அனைத்தையும் கட்டணமின்றியே பதிவு செய்ய முடியும். நிறுவனத்தின் அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘இ-ஜாக்ரிதி’ தளத்தின் வழியாக வீட்டிலிருந்தும் பதிவு செய்யலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

விற்பனையாளர், இறக்குமதியாளர் அல்லது விநியோகஸ்தர், தயாரிப்பாளர் என மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கும் வாய்ப்பு அதனால் குறையும். குறையை நீக்குதல், புதிய பொருளை மாற்றித்தருதல், பணத்தைத் திருப்பியளித்தல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றுக்கு உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உள்ளது. உத்தரவை மதிக்காதோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் வகைசெய்கிறது.

எதிர்த்தரப்புக்கு அறிவிக்கை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள்ளும், பொருளை ஆய்வகத்தில் பரிசோதிக்க நேர்ந்தால் ஐந்து மாதங்களுக்குள்ளும் புகாரை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் இந்தக் காலவரம்பைக் கடந்து நீள்வதும் உண்டு. எனவே, ஆணையத்தை அணுகும் முன் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ அறிவிக்கை அனுப்பி, 15 நாள் போன்ற தெளிவான கெடு விதிப்பது பயன் தரும். அந்தக் கட்டத்திலேயே முடிவுக்கு வரும் தகராறுகளும் உள்ளன.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

இறக்குமதி செய்யப்பட்ட பொட்டலப் பொருள்களில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இடம்பெற வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. கார்டின் பெட்டியில் அந்த லேபிள் இல்லையென்றால், அது அங்கீகரிக்கப்படாத வழியில் வந்ததாக இருக்கலாம். இந்தியாவில் வாரண்டி கிடைக்காமல் போகலாம். பில்லில் கார்டின் வரிசை எண்ணை எழுதச் சொல்லிக் கேட்பது, வாரண்டி எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை உறுதிசெய்வது, அருகில் சேவை மையம் உள்ளதா என விசாரிப்பது ஆகியவை விலையை ஒப்பிடுவதைப் போலவே முக்கியமானவை.

பழைய கார்டை வாங்குவோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தனது செயல்முறையை மாற்றியதால், கிராபிக்ஸ் கார்டு கொண்டு அந்த நாணயத்தை அகழ்வது முடிவுக்கு வந்தது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. முதல் உரிமையாளரின் பில் இல்லாமல் வாங்கப்படும் கார்டுக்கு வாரண்டி கோருவது பெரும்பாடு.

காலவரம்பு வருமா?

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை முதல் 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதன் பிறகு, ஒருமுறை பழுதுபார்த்தும் குறை நீங்காவிட்டால் பொருளை நிராகரிக்கும் உரிமை உண்டு. பழுதுபார்ப்பு நியாயமான காலத்துக்குள் முடிய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பொறுப்பு விற்பனையாளர் மீதே சுமத்தப்படுவதால், நுகர்வோர் வெளிநாட்டுத் தயாரிப்பாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தியாவில் ‘நியாயமான காலம்’ என்பதை இன்றும் ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாக நிறுவ வேண்டியிருக்கிறது. வாரண்டிப் பணிக்கு நாள் கணக்கும், அதுவரை வாரண்டிக் காலம் ஓடாமல் நிற்கும் என்ற உறுதியும் விதிகளில் இடம்பெற்றால், தாமதத்தின் சுமை நுகர்வோரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறும். அந்த மாற்றம் வரும்வரை, நாள்களை எண்ணுவதும் எழுதிவைப்பதும் வாங்கியவரின் பொறுப்பாகவே இருக்கும். கார்டு பழுதான நாளில் எடுத்த படமும், ஒப்படைத்த நாளில் பெற்ற சீட்டுமே அவருடைய முதல் சாட்சிகள்.